48 மணி நேரம் பொறுங்கள்!

கேள்வி: பல வருஷமாக ஒரே கம்பெனி டை அடித்துக்கொண்டிருந்த கஸ்டமர். போன வாரம் முகம் வீங்கி வந்து, "டூப்ளிகேட் சரக்கைப் போட்டுவிட்டாய்" என்று சண்டை பிடிக்கிறார். அதே பெட்டி, அதே நம்பர்தான் மேடம். எப்படி இப்படி ஆகும்?
– பார்லர் நடத்துபவர், பொள்ளாச்சி

பதில்: சரக்கு மாறவில்லை. அவர் உடம்பு மாறியிருக்கிறது.

கழுவினாலும் போகாத கறுப்பு தரும் டைகளில் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலின் டையமின் இருக்கும். சுருக்கமாகப் பிபிடி. மிகச் சின்ன மூலக்கூறு. டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்ஸைடோடு சேர்ந்து முடிக்குள் நுழைந்து, அங்கே ஒன்றோடொன்று திரண்டு பெரிய நிறத் துகளாகிவிடுகிறது. பிறகு வெளியே வர வழியில்லை, அதனால்தான் நிறம் நிற்கிறது. முடிக்குள் நுழைய உதவும் அந்தச் சின்ன உருவமே தோலுக்குள்ளும் நுழைய உதவுகிறது. உள்ளே போனது தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதை எதிரியாகக் குறித்துக்கொள்கிறது. ஒருவருக்கு இது இரண்டாம் தடவையிலேயே நடக்கலாம், இன்னொருவருக்கு இருபது வருஷம் கழித்து நடக்கலாம். பலருக்குக் கடைசிவரை நடக்காமலே போகலாம். ஆனால் குறித்துக்கொண்டபின் அழிப்பதே இல்லை.

இதில் இன்னொரு சிக்கல்: எதிர்வினை உடனே வராது. சில மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகலாம். உங்கள் நாற்காலியிலிருந்து சிரித்துக்கொண்டே எழுந்து போனவர், மறுநாள் காலை கண் திறக்க முடியாமல் விழிப்பார். தலைத்தோல் தடிமன் என்பதால் அங்கே லேசான அரிப்போடு நின்றுவிட, இமை, காது, பிடரி ஆகிய மெல்லிய இடங்கள்தான் வீங்கும். "டை போட்டது தலையில், வீங்கியது கண், அப்புறம் டை எப்படிக் காரணமாகும்" என்று வேறெதையோ தேடுகிறவர்கள் அதிகம்.

அவரிடம் சண்டை வேண்டாம். பெட்டியை அல்லது பெட்டியின் புகைப்படத்தைக் கையில் கொடுத்துத் தோல் டாக்டரிடம் அனுப்புங்கள். "இனி பிபிடி உள்ள எதையும் எங்கேயும் போடக்கூடாது" என்று தெளிவாகச் சொல்லுங்கள். உங்களிடம் கோபித்துக்கொண்டு அடுத்த தெருப் பார்லருக்குப் போய் அதையே போட்டுக்கொண்டால் அடுத்த தடவை இதைவிட மோசமாக இருக்கும். நீங்கள் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கேள்வி: நாளைக்கு ரிசப்ஷன். இன்றைக்கு அரை மணி நேரத்தில் டெஸ்ட் பண்ணிவிட்டு டை போட முடியுமா?
– மணப்பெண்ணின் அம்மா, திருச்சி

பதில்: முடியாதம்மா. அரை மணியில் தெரிகிற விஷயமாக இருந்தால் டெஸ்டே தேவையில்லையே! எதிர்வினை வர ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதற்காகத்தான் அந்த டெஸ்ட். நாளைக்கு மேடையில் நிற்கப்போகும் அம்மாவுக்கு நரையை மறைக்க வகிட்டில் தொட்டுவிடும் பவுடரும், மஸ்காரா மாதிரி தடவும் குச்சியும் கடையில் கிடைக்கின்றன. ராத்திரி தலைக்குக் குளித்தால் போய்விடும். கல்யாண ஆல்பத்தில் நாலு நரை தெரிந்தால் தெரியட்டும், வீங்கிய கண்ணோடு நிற்க வேண்டாம். அடுத்த மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கிற வாரமே பார்லருக்கு வாருங்கள்.

கேள்வி: பேட்ச் டெஸ்டை நான் எப்போதும் கையில் தடவிப் பத்து நிமிஷம் பார்ப்பேன். நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?
– பயிற்சி முடித்த பியூட்டிஷியன், நாகர்கோவில்

பதில்: நீங்கள் செய்வது டெஸ்ட் இல்லை தங்கச்சி, மன சமாதானம். பத்து நிமிஷத்தில் தெரிவது எரிச்சல் மட்டும். ஒவ்வாமை அதற்கப்புறம் சாவகாசமாக வரும்.

காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை உள்மடிப்பில் ஒரு சின்ன இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். போடப்போகும் அதே நிறத்தில் கொஞ்சம் எடுத்துத் தடவிக் காயவிடுங்கள். டெவலப்பரோடு கலந்து தடவுவதா, கிரீமை மட்டும் தடவுவதா, எவ்வளவு நேரத்தில் கழுவுவது என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளே இருக்கும் தாளைப் படியுங்கள். அந்தத் தாளை முதலில் குப்பைக்கூடையில் போடும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நம் நாட்டு விதிமுறை 24 மணி நேரம் என்கிறது. பல கம்பெனிகள் 48 என்கின்றன. நான் 48 மணிக்காரி. நடுவில் அரிப்பு, சிவப்பு, தடிப்பு, நீர்க்கொப்புளம் எது வந்தாலும் உடனே கழுவச் சொல்லுங்கள். டை கிடையாது, பேச்சு முடிந்தது.

ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். போன மாசம் ஒத்துக்கொண்டது இந்த மாசத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதைப் பொள்ளாச்சிக்காரருக்குச் சொன்ன பதிலில் பார்த்திருப்பீர்கள். டெஸ்டில் ஒன்றும் வரவில்லை என்றாலும் முழு உத்தரவாதம் இல்லைதான், ஆனாலும் கண்மூடிப் போடுவதைவிட எத்தனையோ மேல். தேதி, கம்பெனி, நம்பர், முடிவு இந்த நாலையும் நோட்டில் எழுதிக் கஸ்டமர் கையெழுத்தும் வாங்குங்கள்.

மிக முக்கியம்: ஏற்கெனவே ஒருமுறை முகம் வீங்கியவருக்கு இந்த டெஸ்டை நீங்கள் செய்யவே கூடாது. அந்தச் சின்னத் துளியே பெரிய புண்ணாகலாம். அவருக்குச் செய்ய வேண்டியது தோல் டாக்டரின் பேட்ச் டெஸ்ட். வாசலினில் 1 சதவீதம் கலந்த பிபிடியை, இந்தியாவில் அதிகம் ஒவ்வாமை தரும் மற்றப் பொருட்களோடு சேர்த்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்துப் பிரித்துப் பார்ப்பார்கள், பிறகு ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். டை மட்டும் சேரவில்லையா, வேறு என்னென்ன சேரவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும்.

கேள்வி: நான் கெமிக்கல் பக்கமே போவதில்லை. ஹெர்பல் பிளாக் ஹென்னாதான். பத்து ரூபாய்ப் பாக்கெட், தண்ணீரில் குழைத்துப் போட்டால் அரை மணியில் கறுத்துவிடும். பயமில்லையே?
– இல்லத்தரசி, பரமக்குடி

பதில்: மருதாணி இலை எந்த ஊரிலும் கறுப்பாகப் பிடித்ததில்லையே அம்மா! உங்கள் உள்ளங்கையில் வைத்தபோது என்ன நிறம் வந்தது? அந்தச் செம்பழுப்புதான் நரைமுடியிலும் வரும். மருதாணியில் உள்ள லாசோன் என்ற பொருளுக்குத் தெரிந்த ஒரே நிறம் அது. அரை மணியில் கன்னங்கரேலென்று ஆக்கும் பவுடரில் வேறு யாரோ வேலை செய்கிறார். பெரும்பாலும் அது பிபிடி. பாக்கெட்டின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: பாரா ஃபினைலின் டையமின், பி-ஃபினைலின்டையமின், பிபிடி, 1,4-டையமினோபென்சீன் எல்லாம் ஒரே ஆள்தான். கூடவே பேரியம் பெராக்ஸைடு, சோடியம் பெர்போரேட் என்று இருந்தால் அவை டெவலப்பரின் வேலையைச் செய்பவை. முன்பக்கம் நெல்லிக்காயும் கரிசலாங்கண்ணியும் படமாக இருப்பதால் பின்பக்கத்தில் இருப்பது மாறிவிடாது. "சிலருக்குத் தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பாருங்கள், இமைக்கும் புருவத்துக்கும் போட்டால் பார்வை போகலாம்" என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. உங்கள் பாக்கெட்டிலும் பொடி எழுத்தில் அது இருக்கும்.

உண்மையிலேயே இலையால்தான் கறுக்க வேண்டும் என்றால் வழி இருக்கிறது. பொறுமை வேண்டும். முதலில் சுத்தமான மருதாணிப் பொடியைச் சில மணி நேரம் ஊறவைத்துத் தலையில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்துக் கழுவுங்கள். ஷாம்பு வேண்டாம். பிறகு அவுரி இலைப் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் பூச ஆரம்பியுங்கள். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். ஒன்றரை மணி நேரம் போதும். கழுவியதும் பச்சை அடித்தாற்போலத் தெரிந்தால் பதற வேண்டாம், காற்றுப் பட ஒன்றிரண்டு நாளில் கறும்பழுப்பாக இறங்கும். அதுவரை ஷாம்பு கூடாது. திண்டிவனம் பக்கத்தில் அவுரி இன்றும் விளைகிறது. ராஜஸ்தானின் சோஜத் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல இலைக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. பொடிக்குள் வேறு எதுவும் கலக்கவில்லை என்று சொல்லும் பாக்கெட்டாகப் பார்த்து வாங்குவதுதான் சவால்.

அவுரிக்கும் மருதாணிக்கும் கூட அபூர்வமாக ஒவ்வாமை வரும். ஆகவே அதற்கும் 48 மணி நேரம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே வேண்டாம். இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துவிடலாம்.

கேள்வி: "அமோனியா இல்லாதது" என்று போட்டிருந்தால் அலர்ஜி உள்ளவர்களுக்குப் போடலாம்தானே?
– சலூன் உரிமையாளர், ஈரோடு

பதில்: போடக்கூடாது. அமோனியா முடியின் செதில்களைத் திறப்பதற்கு. மூக்கில் ஏறும் வாடை அதனுடையது. அதற்குப் பதிலாக எத்தனோலமைன் சேர்த்தால் வாடை போகும், பிபிடி அப்படியே இருக்கும்.

கேள்வி: என் கஸ்டமர் ஒரு டீச்சர். ஒருமுறை முகம் வீங்கி, டாக்டரின் டெஸ்டிலும் பிபிடி சேராது என்று வந்துவிட்டது. "நரையோடு வகுப்புக்குப் போக மனசு வரவில்லை, ஏதாவது செய்யுங்கள் அக்கா" என்று அழுகிறார். எனக்கு மறுக்கவும் முடியவில்லை, போடவும் பயம்.
– பியூட்டிஷியன், தஞ்சாவூர்

பதில்: உங்கள் பயம் நல்ல பயம். ஆனால் "முடியாது" என்று கதவை மூடுவதோடு நம் வேலை முடியவில்லை. அவருக்கு என்ன முடியும் என்று தேடித் தருகிறவர்தான் தொழில் தெரிந்தவர். அவரை நரையோடே போ என்று உபதேசம் பண்ணவும் நமக்கு உரிமையில்லை.

முதலில் எது கூடாது என்று பார்ப்போம். "பிபிடி இல்லாதது" என்று விற்கும் பல டைகளில் அதன் உறவுக்கார மூலக்கூறான டொலுயின் டையமின் இருக்கும். பிபிடி சேராத பலருக்கு இதுவும் சேராது. ஐரோப்பாவில் மெத்தாக்ஸிமெத்தில் சேர்த்த ஒரு புது வகைப் பிபிடி வந்திருக்கிறது. அது ஒவ்வாமை இல்லாதவருக்குப் புதிதாக வருவதைக் குறைப்பதற்கு. ஏற்கெனவே வந்தவருக்கான மருந்தாக அதை நினைத்துவிடாதீர்கள். என் சுருக்கு வழி: நிறம் ஏற்றுவதற்காக இரண்டைக் கலக்கச் சொல்லும் எதையும் இவர் தலைக்குக் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரில் குழைத்ததும் கறுக்கும் பவுடரும் இதில் சேர்த்தி.

மிச்சம் இருப்பவை நாலைந்து. சுத்தமான மருதாணியும் அவுரியும் முதலில். டீச்சருக்குச் சனிக்கிழமை விடுமுறை இருந்தால் இதுதான் சிறந்த வழி. அடுத்தது, டெவலப்பர் இல்லாமல் நேரடியாகப் பூசும் தற்காலிக நிறங்கள். முடியின் மேல்பரப்பில் ஒட்டிச் சில குளியலுக்கு நிற்கும். நரை முழுக்க மறையாது, மங்கும். இதிலும் சிலருக்கு ஒவ்வாமை வரலாம் என்பதால், பொருட்களின் பட்டியலை டாக்டரிடம் காட்டி அவர் சரி என்றபின் போடுங்கள். வாரநாட்களுக்கு வகிட்டுப் பவுடர். பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு நிறம், தோலுக்குள் போகாது.

இன்னொரு வழி, நரையை மறைக்காமல் அதோடு கலந்துவிடுவது. தலைத்தோலிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி, ஃபாயிலில் மெல்லிய கீற்றுகளாக முடியை வெளுக்கவைத்தால் நரை அந்தக் கீற்றுகளோடு சேர்ந்து நடுநடுவே மின்னுகிற மாதிரி ஆகிவிடும். வெளுக்கும் பவுடரில் பிபிடி கிடையாது. ஆனால் இதில் இரண்டு பொறி இருக்கிறது. ஒன்று, அதிலுள்ள பெர்சல்ஃபேட் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பைக் கிளப்பும். உங்களுக்கும் கிளப்பும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். இரண்டு, வெளுத்தபின் மஞ்சளைத் தணிக்கப் போடும் டோனர். பழக்கதோஷத்தில் டெவலப்பரோடு கலக்கும் டோனரை எடுத்தீர்கள் என்றால் இத்தனை ஜாக்கிரதையும் பாழ். பிபிடி அதில் ஒளிந்திருக்கும், இல்லாவிட்டால் அதன் உறவுக்காரர். நேரடி நிறம் மட்டும் எடுங்கள். கழுவும்போது தலையைப் பின்பக்கம் சாய்த்து, தண்ணீர் முகத்துக்கும் கழுத்துக்கும் வழியாமல் பாருங்கள்.

டீச்சரிடம் ஒரே தலைமுடிக்கு இத்தனை வேலை என்று நேரத்தையும் கூலியையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது சாதாரண டை அடிக்கிற கூலிக்குச் செய்கிற வேலை இல்லை.

கேள்வி: "என்ன ஆனாலும் என் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒரு கஸ்டமர். போட்டுவிடலாமா?
– பார்லர் ஊழியர், சேலம்

பதில்: கூடாது. அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம். அவர் இமையை நிச்சயம் காப்பாற்றாது.

கேள்வி: தலைக்கு விட்டாச்சு. மீசைக்கு மட்டும் தொட்டுக்கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற போலீஸ்காரர், மதுரை

பதில்: தலைக்குச் சேராதது மீசைக்கு எப்படி ஐயா சேரும்? தலைத்தோலைவிட உதட்டுக்கு மேல் உள்ள தோல் மெலிது, கீழே வாய், மேலே மூக்கு. உதடு வீங்கினால் சாப்பிட முடியாது, மூக்குக்குள் ஏறினால் மூச்சுக்கே கஷ்டம். மதுரையில் நரைத்த முறுக்கு மீசைக்கு இருக்கும் மரியாதை உங்களுக்கே தெரியும். இல்லையென்றால் தாடி–மீசை மஸ்காரா ஒன்று வாங்கிக் காலையில் தடவி ராத்திரி கழுவிவிடுங்கள். புருவத்தை எவ்வளவு ஆசையிருந்தாலும் தொடாதீர்கள்.

கேள்வி: வீக்கம், அரிப்பு ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு வருஷமாக நெற்றியோரம், கன்னப்பொட்டு, கழுத்து எல்லாம் கறுத்துக்கொண்டே வருகிறது. மங்கு என்று கிரீம் கொடுத்தார்கள், போகவில்லை. மாதம் ஒருமுறை டை அடிப்பேன்.
– வங்கி ஊழியர், விழுப்புரம்

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே இந்த வாரம் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். டை ஒவ்வாமை எப்போதும் வீங்கிக்கொண்டு வராது. சிலருக்கு, குறிப்பாக நம் மாதிரி மாநிறத் தோலில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய அழற்சியாக மாதாமாதம் வந்து வந்து, கடைசியில் சாம்பல் கலந்த கருமையாகப் படிந்துவிடும். முடியோரத்திலும் காதுமுன்னும் கழுத்திலும் தொடங்குவது அதற்கு அடையாளம். மங்கு பெரும்பாலும் கன்னமேட்டிலும் மூக்கிலும் வரும். வெளுக்கும் கிரீம்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிக்கொண்டு அடியில் டையைத் தொடர்ந்தால் கருமை கூடும், பணம் குறையும். டையை இன்றே நிறுத்துங்கள், தோல் டாக்டரிடம் பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். காரணம் நின்றால் நிறம் மெதுவாக, மாதக்கணக்கில் மங்கும். டை பட்ட இடம் வெண்புள்ளியாக வெளுத்துப்போவதும் சிலருக்கு உண்டு. அதற்கும் இதே பதில்.

கேள்வி: பொருட்காட்சியில் என் பத்து வயது மகளுக்குக் கறுப்பு டிசைன் போட்டுவிட்டார்கள். ஒரே மணி நேரத்தில் காய்ந்து கறுத்தது. நான்காம் நாள் டிசைன் அப்படியே கொப்புளமாக எழும்பிவிட்டது. ஆறினால் போதுமா?
– தாய், காரைக்கால்

பதில்: ஆறட்டும், ஆனால் அது மட்டும் போதாது. அந்தக் "கறுப்பு மெஹந்தி"யில் கலப்பது பெரும்பாலும் பிபிடிதான், அதுவும் தலை டையில் அனுமதிப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்த மாதிரிகள் சோதனைகளில் சிக்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தலை டைக்கே கலந்தபின் 2 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. தோலில் வரைவதற்கு அனுமதியே இல்லை. உங்கள் மகள் உடம்பு இந்தப் பொருளைக் குறித்துக்கொண்டது. அவளுடைய மருத்துவக் கோப்பில் எழுதிவையுங்கள். கல்லூரிக்குப் போகிற வயதில் தோழிகளோடு தலைக்குக் கலர் அடிக்கத் தோன்றும். அன்றைக்கு அவளுக்கே இது தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு டை அடித்துவிடும் வேலைதான். விரல்நுனி வெடித்து, அரித்து, நீர் கசிகிறது. பழகிவிடும் என்கிறார் முதலாளி.
– சலூன் தொழிலாளி, திருப்பூர்

பதில்: பழகாது தம்பி, முற்றும். இந்தத் தொழிலையே விட்டுப்போனவர்கள் பலர் விரலால்தான் போனார்கள். டை கலக்கும்போதும், பூசும்போதும், கழுவும்போதும் நைட்ரைல் கையுறை. மூன்றாவதில்தான் எல்லோரும் கழற்றிவிடுகிறார்கள். ஒரு தலைக்கு ஒரு ஜோடி, கழுவி மறுபடி போடக்கூடாது. கட்டிங்கை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கலர் அடியுங்கள், அப்போது புதிதாகச் சாயமேறிய முடியை விரலால் பிடிக்க வேண்டியிருக்காது. முதலாளியிடம் சொல்லுங்கள்: ஒரு பெட்டிக் கையுறையின் விலை, தேர்ந்த ஆளை இழக்கும் விலையைவிட மிகக் குறைவு. ஆறும்வரை டை வேலையை இன்னொருவர் பார்க்கட்டும், நீங்கள் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: டை போட்டுக்கொண்டிருக்கும்போதே எரிகிறது என்றால் என்ன செய்வது? வீட்டுக்குப் போனபின் வீங்கினால்?
– பல வாசகர்கள்

பதில்: எரிகிறது என்றால் "இன்னும் ஐந்து நிமிஷம் பொறுங்க" என்று சொல்லாதீர்கள். அந்த நொடியே கழுவுங்கள். நிறையத் தண்ணீர், மென்மையான ஷாம்பு, தண்ணீரில் சாயம் கலங்குவது நிற்கும்வரை. வீட்டில் வீங்கினால் மறுபடி அதேபோல் அலசிவிட்டு, குளிர்ந்த ஈரத்துணி வைத்து, பெட்டியோடு டாக்டரிடம் போங்கள். கசிகிற தோலில் எலுமிச்சை, மஞ்சள், தயிர் எதுவும் வேண்டாம். நாக்கு, தொண்டை தடித்தாலோ, மூச்சு இரைத்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ 108. அபூர்வம்தான், ஆனால் வந்தால் நிமிஷங்கள்தான் கணக்கு. டைப் பாக்கெட்டைக் குழந்தை கைக்கு எட்டாத அலமாரியில் பூட்டிவையுங்கள். விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சடைக்கும், பிறகு சிறுநீரகம் வரை பாதிக்கும்.

கேள்வி: எனக்கு டை ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாகிவிட்டது. டையைத் தவிர வேறு எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?
– கல்லூரிப் பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: பிபிடியை அடையாளம் வைத்துக்கொண்ட உடம்பு, அதே சாயலில் இருக்கும் சிலவற்றையும் சந்தேகப்படும். எல்லோருக்கும் எல்லாமும் வராது, ஆனால் தெரிந்து வைத்திருங்கள். பல்வலிக்குத் தடவும் ஜெல்லிலும் தொண்டை மிட்டாய்களிலும் வரும் பென்சோகெயின், சில சல்ஃபா மாத்திரைகள், அடர்கறுப்பு, கருநீலச் செயற்கை இழைத் துணிகளின் சாயம், கறுப்பு ரப்பர். அக்குளிலும் தொடையிலும் காரணமில்லாமல் அரித்தால் புது உடையைச் சந்தேகியுங்கள். வீட்டில் கணவர் டை அடிப்பவர் என்றால், அவர் சாயம் முழுக்கப் போகும்வரை அலசட்டும், துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்கட்டும். அவர் தலையிலிருந்து உங்கள் முகத்துக்கு வந்த கேஸ்கள் உண்டு. பேட்ச் டெஸ்ட் முடிவுத் தாளைப் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல் டாக்டரிடமும், மருந்துக் கடையிலும், புதுப் பார்லரிலும் நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே அதை எடுத்துக் காட்டுங்கள்.